சில நேரம் கிளம்பும், சில நேரம் கிளம்பாது
(பழைய டீசல் பிக்-அப் வண்டியின் மின்கோளாறுகள்)

டெல்லி மாநகரில் கரோல் பாக் என்ற பகுதி இருக்கிறது. அது பெரிய கடைவீதி. டாங்க் ரோடு பக்கம் ஜீன்ஸ் துணிகள் மொத்த விலைக்கு விற்கப்படுகின்றன. நைவாலா தெருக்களில் மோட்டார் சைக்கிள் உதிரி பாகக் கடைகள் வரிசையாக உள்ளன. தமிழ்க் குடும்பங்களும் பல தலைமுறைகளாக இங்கே வாழ்ந்து வருகின்றன.

இந்தக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்குபவை பிக்-அப் வண்டிகள். பகலில் சில மணி நேரம் டெல்லியின் பல சாலைகளில் சரக்கு வண்டிகள் நுழைய அனுமதி இல்லை. அதனால் பல வண்டிகள் விடியும் முன்பே கிளம்பியாக வேண்டும். ஜனவரி மாதத்தில் அந்த நேரத்துக் குளிர் 5 டிகிரிக்கும் கீழே இறங்குவது உண்டு.

அப்போது சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. மறுநாள் அதே வண்டி ஒரே திருப்பில் கிளம்பிவிடுகிறது. அடுத்த நாள் மறுபடியும் மக்கர் செய்கிறது. வாடகை போகிறது. அன்றைய கூலி போகிறது. “வண்டிக்கு வயதாகிவிட்டது” என்கிறார் ஒருவர். “பேட்டரியை மாற்று” என்கிறார் இன்னொருவர். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது பேட்டரி வாங்கிப் போட்ட பிறகும் கோளாறு தீராமல் போவது உண்டு.

விட்டு விட்டு வரும் கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அது சிறிய காரணமாகவே இருக்கும். வரிசையாகத் தேடினால் அது அகப்படும்.

டீசல் எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது?

ருடால்ஃப் டீசல் என்பவர் ஜெர்மனி நாட்டுப் பொறியாளர். அவர் உருவாக்கிய எஞ்சின் 1897-ஆம் ஆண்டு வெற்றிகரமாக ஓடியது. அவர் பெயரே எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் நிலைத்துவிட்டது.

பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி கொடுக்கும் பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் மிகவும் நசுக்குகிறது. நசுக்கப்பட்ட காற்று 500 டிகிரிக்கும் மேலே சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் அது தானே தீப்பற்றுகிறது.

காற்றை இவ்வளவு நசுக்க நல்ல பலம் வேண்டும். அந்தப் பலத்தைத் தருவது செல்ஃப் மோட்டார். அதற்கு மின்சாரம் தருவது பேட்டரி. வண்டி ஓடத் தொடங்கியதும் டைனமோ வேலை செய்யும். இதையே ஆல்டர்னேட்டர் என்றும் சொல்கிறார்கள். செலவான சார்ஜை அது பேட்டரியில் மறுபடி ஏற்றும்.

ஆகவே வண்டி கிளம்பப் பேட்டரி, வயர், செல்ஃப் மோட்டார், டீசல் ஆகிய நான்கும் சரியாக இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் வண்டி நின்றுவிடும்.

முதல் கேள்வி: எஞ்சின் சுற்றுகிறதா?

சாவியைத் திருப்பும்போது காது கொடுத்துக் கேட்க வேண்டும். மூன்றில் ஒன்று நடக்கும்.

1. எஞ்சின் சுற்றுவதே இல்லை. சத்தமே இல்லை, அல்லது ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது.
2. எஞ்சின் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுகிறது.
3. எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் பிடிக்கவில்லை.

முதல் இரண்டும் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. மூன்றாவது பெரும்பாலும் டீசல் வரும் வழியில் உள்ள கோளாறு. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

முன்விளக்குச் சோதனை

எஞ்சின் சுற்றாவிட்டால் ஒரு சோதனை செய்யலாம். இதற்குக் காசு செலவில்லை. முன்விளக்கைப் போட வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் வண்டிக்கு வெளியே, பக்கவாட்டில் நின்று விளக்கைக் கவனிக்க வேண்டும்.

விளக்கு முழுவதும் அணைந்தால், பேட்டரி டெர்மினலில் பிடிப்பு இல்லை, அல்லது பேட்டரியில் சார்ஜே இல்லை.

விளக்கு மிகவும் மங்கினால், பேட்டரி பலவீனமாக இருக்கலாம். அல்லது செல்ஃப் மோட்டார் இறுகி நிற்கலாம்.

விளக்கு மங்காமல் பிரகாசமாக எரிந்தால், பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. அந்த மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. சாவி சுவிட்ச், ரிலே, சொலினாய்டு, அவற்றுக்குப் போகும் வயர்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சொலினாய்டு என்பது செல்ஃப் மோட்டாரின் மேல் இருக்கும் சிறிய உருளை. பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் அதுதான்.

பேட்டரியைப் பார்க்கும் முறை

முதலில் டெர்மினலைப் பார்க்க வேண்டும். பேட்டரியின் இரண்டு காதுகளிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா? கையால் அசைத்தால் கவ்வி ஆடுகிறதா? ஆடினால் கோளாறு அங்கேயே இருக்கலாம்.

வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கவ்விகளைக் கழற்ற வேண்டும். சமையல் சோடா கலந்த தண்ணீரால் கழுவலாம். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. பிறகு உப்புத் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும்.

அடுத்தது வோல்ட் மீட்டர். சில நூறு ரூபாய்க்கே மீட்டர் கிடைக்கிறது. எண் படிக்கத் தெரிந்தவர் எவரும் அதைப் பயன்படுத்தலாம். 12 வோல்ட் பேட்டரிக்கு இந்த எண்களை நினைவில் வைக்க வேண்டும்.

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால், சார்ஜ் நிறைந்திருக்கிறது.
12.4 வோல்ட் என்றால் முக்கால் பங்கு.
12 வோல்ட் அளவுக்கு வந்துவிட்டால் சார்ஜ் மிகவும் குறைந்துவிட்டது.
செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. நல்ல சார்ஜ் இருந்தும் கீழே போனால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம்.
எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் டைனமோ நன்றாக வேலை செய்கிறது.
எஞ்சின் ஓடும்போதும் 12.6-ஐத் தாண்டாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை.
15-ஐத் தாண்டினால் சார்ஜ் அளவுக்கு மீறி ஏறுகிறது. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும்.

சார்ஜ் ஏறாவிட்டால் உடனே டைனமோவை மாற்றக் கூடாது. முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்த வேண்டும். சுமார் 1 சென்டிமீட்டர் அமுங்கினால் சரி. அதற்கு மேல் தொளதொளத்தால் பெல்ட் வழுக்கும், டைனமோ சரியாகச் சுற்றாது. பெல்ட்டை இறுக்கினாலே போதும்.

மறந்துபோகும் எர்த் வயர்

மின்சாரம் பேட்டரியிலிருந்து புறப்பட்டால் மட்டும் போதாது. அது பேட்டரிக்குத் திரும்பியும் வர வேண்டும். கிணற்றில் வாளியை இறக்கவும் கயிறு வேண்டும், ஏற்றவும் கயிறு வேண்டும் அல்லவா? திரும்பும் வழிதான் எர்த்.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. அதனால் எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு ஒரு பட்டையான பின்னல் வயர் போட்டிருப்பார்கள். அது வண்டிக்கு அடியில் சேற்றிலும் தண்ணீரிலும் கிடக்கிறது. துருப்பிடித்து ஒவ்வோர் இழையாக அறுந்துபோகிறது. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

எர்த் கெட்டால் வேடிக்கையான கோளாறுகள் வரும். பிரேக் அழுத்தினால் இண்டிகேட்டர் மின்னும். ஹாரன் அடித்தால் விளக்கு மங்கும். செல்ஃப் சில நேரம் எடுக்கும், சில நேரம் எடுக்காது.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் காதில் வைக்க வேண்டும். மறு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பில் வைக்க வேண்டும். ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. இதே போலப் பாசிட்டிவ் காதிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த வயர் முனை வரையும் அளக்கலாம். அங்கும் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

எப்போது கிளம்பவில்லை?

விட்டு விட்டு வரும் கோளாறு ஒரு திருடனைப் போன்றது. மெக்கானிக் முன்னால் வண்டி ஒழுங்காகக் கிளம்பிவிடும். வீட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். அந்தத் திருடனைப் பிடிக்கும் ஆயுதம் ஒரு பென்சிலும் ஒரு நோட்டும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். கரோல் பாகில் துணி மூட்டை ஏற்றும் பிக்-அப் ஒன்று. அதன் ஓட்டுநர் புதுப் பேட்டரி வாங்கப் பணம் கடன் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய உதவியாளர் இளைஞர். அண்மையில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். அவர் நோட்டில் இப்படிக் குறித்து வைத்தார்.

திங்கள், காலை 5 மணி. நல்ல குளிர். உடனே கிளம்பியது.
திங்கள், பகல் 1 மணி. நீண்ட தூரம் ஓடி வந்தது. கிளம்பவில்லை. ‘டக்’ சத்தம் மட்டும். அரை மணி கழித்துக் கிளம்பியது.
செவ்வாய், காலை 5 மணி. உடனே கிளம்பியது.
புதன், மாலை 4 மணி. நீண்ட தூரம் ஓடி வந்தது. கிளம்பவில்லை. முன்விளக்கு பிரகாசமாக எரிந்தது.

“அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க” என்றார் இளைஞர். “காலைக் குளிர்ல ஒரு நாள்கூட மக்கர் பண்ணல. பேட்டரி கெட்டிருந்தா குளிர்லதானே முதல்ல படுத்துக்கும்?”

ஓட்டுநர் யோசித்தார். “ஆமாம் தம்பி. வண்டி சூடானாத்தான் நிக்குது. ஆற விட்டா கிளம்பிடுது.”

“விளக்கும் மங்கலண்ணே. அப்போ கரண்ட் இருக்கு. செல்ஃபுக்குப் போய்ச் சேரல.”

இருவரும் நோட்டை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் காட்டினார்கள். அவர் நேராகச் செல்ஃப் மோட்டாரிடம் போனார். அதற்குப் போகும் தடித்த வயரின் நட்டு தளர்ந்திருந்தது. அடியில் கருகியிருந்தது. சூடானபோது அந்த இணைப்பில் தடை அதிகமாகி மின்சாரம் போதவில்லை. அவர் வயர் முனையைச் சுத்தம் செய்து நட்டை இறுக்கினார். பேட்டரி வாங்கும் செலவு மிஞ்சியது.

நோட்டில் நாள், நேரம், குளிரா வெயிலா, மழையா, வண்டி சூடா, என்ன சத்தம், விளக்கு எப்படி என்று எழுதினால் போதும். பத்து நாளில் ஒரு வழி தெரியும்.

குளிரில் மட்டும் கிளம்பவில்லை என்றால், பேட்டரி பலவீனம் அல்லது ஹீட்டர் பிளக் கோளாறாக இருக்கலாம். குளிரில் பேட்டரியின் வலு குறையும். எஞ்சின் ஆயிலும் கெட்டியாகும். சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் சில எஞ்சின்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. அது உள்ள வண்டியில் சாவியைப் போட்டதும் ஒரு சிறு விளக்கு எரியும். அது அணைந்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும்.

சூட்டில் மட்டும் என்றால், செல்ஃப் மோட்டார், சொலினாய்டு, அவற்றின் வயர்களைப் பார்க்க வேண்டும்.

மழையில் மட்டும் என்றால், பியூஸ் பெட்டியிலும் இணைப்புகளிலும் தண்ணீர் இறங்கியிருக்கலாம். செம்பு பச்சையாகியிருக்கும்.

வேகத்தடையில் குலுங்கும்போது எஞ்சின் அணைந்தால், ஏதோ ஒரு வயர் தளர்ந்திருக்கிறது. சாவி சுவிட்சின் அடியிலும் டீசல் பம்பிலும் பார்க்க வேண்டும்.

இரவு நின்று காலையில் மட்டும் சார்ஜ் இறங்கினால், ஏதோ ஒன்று ரகசியமாக மின்சாரம் தின்கிறது. பாட்டுப் பெட்டி, பின்னால் பொருத்திய விளக்கு, டைனமோ என எதுவாகவும் இருக்கலாம். இரவு வண்டியை நிறுத்தியதும் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைக்க வேண்டும். காலையில் மாட்டியதும் வண்டி நன்றாகக் கிளம்பினால் சந்தேகம் உறுதியாகும்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

பழைய முறை டீசல் பம்பில் ஒரு சிறிய மின் அடைப்பான் இருப்பது உண்டு. சாவியைப் போட்டால் அது திறக்கும். ‘டக்’ என்ற மெல்லிய சத்தம் கேட்கும். சத்தம் இல்லையென்றால் அதற்கு மின்சாரம் வரவில்லை, அல்லது அது கெட்டுவிட்டது. அடைப்பான் திறக்காவிட்டால் டீசல் போகாது.

சத்தம் வந்தும் பிடிக்கவில்லை என்றால், குழாயில் ஏர் புகுந்திருக்கலாம். டீசல் ஃபில்டரில் தண்ணீரோ அழுக்கோ சேர்ந்திருக்கலாம். இது மின்கோளாறு அல்ல. இதற்காகப் பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடிப்பது வீண். ஒரு முறைக்கு 10 நொடிக்கு மேல் அடிக்கக் கூடாது. அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் கருகிவிடும்.

பிந்தைய வண்டிகளில் டீசலைப் பீய்ச்சுவதை ஒரு சிறிய கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. பேட்டரி வோல்ட் மிகவும் குறைந்தால் அந்தக் கம்ப்யூட்டர் வேலை செய்யாது. அப்போது எஞ்சின் சுற்றியும் பிடிக்காமல் போகலாம். இந்த வண்டிகளில் கண்ட வயரை அறுத்து ஒட்டக் கூடாது. பேட்டரியும் எர்த்தும் சரியாக இருந்தும் கோளாறு தீராவிட்டால், சோதனைக் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

உயிருக்கு ஆபத்து, கவனம்!

பேட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிவரும். அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது.

பேட்டரித் தண்ணீரில் அமிலம் இருக்கிறது. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

வேலைக்கு முன் மோதிரம், காப்பு, கடிகாரத்தைக் கழற்ற வேண்டும். பாசிட்டிவ் முனையும் இரும்பும் மோதிரத்தில் பட்டால் விரல் வெந்துபோகும்.

கழற்றும்போது நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றக் கூடாது. டைனமோ கெட்டுவிடும்.

பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டித் தாளையோ வெறும் கம்பியையோ வைத்தால் வயர் பற்றி எரியும். வண்டியே எரிந்துபோகலாம்.

செல்ஃப் அடிக்கும் முன் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கை பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

பொருள் வாங்கும்போது

டெல்லியில் பெரிய வண்டிகளின் உதிரி பாகங்களுக்குக் காஷ்மீரி கேட் சந்தை பெயர் பெற்றது. கரோல் பாகிலும் கடைகள் நிறைய உண்டு. எந்த ஊராக இருந்தாலும் பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போவது நல்லது. பேட்டரியின் அளவும் வலுவும் கம்பெனி சொன்னபடி இருக்க வேண்டும். பில்லும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்க வேண்டும். அட்டையில் தேதியும் முத்திரையும் இருக்கின்றனவா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் முக்கியம். 10 ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதி செய்தது. 2025-இல் இந்த வழக்கு மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஆகவே பழைய டீசல் வண்டிக்குப் பெரும் செலவு செய்யும் முன், அல்லது டெல்லியிலிருந்து பழைய வண்டி வாங்கும் முன், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பதிவுத் தேதியைப் படிக்க வேண்டும். இப்போதைய விதி என்ன என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டியை நன்றாக ஓட வைத்தும், சாலையில் ஓட்ட அனுமதி இல்லையென்றால் பணம் வீண்தானே?

நினைவில் வைப்போம்

முதலில் காது, பிறகு கண், பிறகு மீட்டர், கடைசியில்தான் பணப்பை.
காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்ய வேண்டும்.
ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது கோளாறு என்று தெரியாமலே போகும்.

பதில் சொல்லுங்கள்

1. முன்விளக்கு பிரகாசமாக எரிகிறது. ஆனால் செல்ஃப் எடுக்கவில்லை. கோளாறு எங்கே இருக்கலாம்?
2. எஞ்சின் ஓடும்போது மீட்டர் 12.3 காட்டுகிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
3. எர்த் வயர் கெட்டால் என்னென்ன அறிகுறிகள் தெரியும்?
4. பேட்டரியைக் கழற்றும்போது எந்த வயரை முதலில் கழற்ற வேண்டும்?

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் பிக்-அப், டிராக்டர் அல்லது வேன் ஓட்டுபவர் ஒருவரைச் சந்தியுங்கள். அவர் வண்டி எப்போதெல்லாம் கிளம்பவில்லை என்று கேட்டு, நாள், நேரம், சத்தம், விளக்கு என நான்கு பத்திகளில் எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். கோளாறு எங்கே இருக்கலாம் என்று கற்போர் வட்டத்தில் பேசுங்கள்.